கரண்ட் வைக்கிற ஆஸ்பத்திரி

அன்று அக்கா கடைக்குள் வந்து, கஸ்டமர்களுக்குப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக் கொப்பிகள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஒரு போனின் உடைந்த கண்ணாடியைச் சூடு காட்டிக் கழற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் பசை மறுபடி இறுகிவிடும். அதனால் நிமிராமலே தேத்தண்ணி சொல்லவா என்று கேட்டேன்.

"தம்பி, நா கரண்ட் வைக்கப் போகமாட்டேன்," என்றார்.

கண்ணாடியைப் பாதியில் விட்டேன். அந்தப் போன்காரர் அதற்காக என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

செல்வமணி அக்கா எனக்குப் பதினொரு வயது மூத்தவர். கரவனெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ரெண்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய மார்பில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். கட்டி போய்விட்டது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் மிச்சம் இருக்கலாம், கதிர் சிகிச்சையும் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செய்யாமல் விட்டால் திரும்ப வர இடமிருக்கிறது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. கொழும்புக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அளவெடுத்து, மார்பில் மையால் கோடு போட்டு, அடுத்த திங்கட்கிழமைக்கு நாளும் கொடுத்தாகிவிட்டது. அக்கா கடைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை.

ஏன் போகமாட்டேன் என்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும்.

பன்றிக்குக் கட்டிய கம்பி

எங்கள் பக்கத்தில் கதிர் சிகிச்சை என்று யாரும் சொல்வதில்லை. ‘கரண்ட் வைக்கிறது’ என்பதுதான் பேச்சு. சிங்களவர்களும் அதே கரண்டைத்தான், பிடிப்பது என்ற அர்த்தத்தில் ஒரு ‘அல்லனவா’ சேர்த்துச் சொல்கிறார்கள். முதலில் சொன்னது யாரோ தெரியாது. பெரிய மெஷின், அதற்கு வயர், உள்ளே போனவர் தோல் கறுத்து வருகிறார், கரண்ட் இல்லாமல் வேறென்ன என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக ரேடியோ, டீவி, போன் பழுது பார்க்கப்படும் என்று போர்டு மாட்டி வைத்திருப்பவனுக்கு இது வெட்கக்கேடுதான். இருந்தாலும் எழுத உட்கார்ந்த பிறகு மறைத்து என்ன பயன்?

அக்காவின் கணவர், என் மச்சான், கரண்டில்தான் இறந்தார்.

தோட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் யாரோ மரவள்ளி போட்டிருந்தார்கள். பன்றி வந்து கிளறுகிறது என்று கள்ளக் கரண்ட் இழுத்துச் சுற்றிலும் கம்பி கட்டிவிட்டார்கள். அக்காவும் மச்சானும் பால் வெட்டப் போகிற வழி அது. விடிந்தும் விடியாத நேரம், மச்சான் முன்னால் நடந்தார். அவர் விழுந்ததும் தொடப் போன அக்காவைப் பின்னால் வந்த ரெண்டு பெண்கள் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்ததால்தான் இன்று அக்கா இருக்கிறார். ஒருவர் ஓடிப்போய் லைனை அறுக்கும்வரை அக்கா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் லைட் சுவிட்ச் போடுவதென்றாலும் காய்ந்த துணியால் பிடித்துத்தான் போடுவார். அப்படிப்பட்டவரிடம் போய், மேசையில் படுங்கள், மேலே மெஷின் வரும், கரண்ட் வைப்போம் என்றால் யார்தான் போவார்கள்?

இலை உதிர்ந்தால் படம் தெளிவு

கதையை நிறுத்திவிட்டு என் தொழிலைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்.

ரப்பர் மரம் வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாக இலை கொட்டும். அந்த நாட்களில் லயத்துக் கூரைகளில் இருக்கிற டிஷ்களுக்கு வானம் நன்றாகத் திறந்துவிடும். படம் கண்ணாடி மாதிரி வரும், எனக்கு வேலை இருக்காது, ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். தளிர் விட்டு இலை முற்றியதும் போன் அடிக்கத் தொடங்கும். சீரியல் கட்டம் கட்டமாக வருகிறது அண்ணே என்பார்கள். நான் ஏணியோடு போய், டிஷ்ஷை இலையில்லாத பக்கமாக ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு, பெரிய வித்தை காட்டியவன் போல இறங்குவேன்.

அதே வீட்டில் ஜன்னல் ஓரத்துப் பழைய ரேடியோ, இலை இருந்தாலும் மழை கொட்டினாலும் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். டிஷ்ஷுக்கு ஆகாத இலை ரேடியோவுக்கு மட்டும் எப்படி ஆகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. கை வேலை தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

மகளின் புத்தகம்

அக்கா சொன்னதை அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் மகள் தர்ஷினி இந்த வருஷம் ஓ லெவல் பரீட்சை எழுதுகிறாள். அது கரண்டே இல்லையப்பா என்று சொல்லி, விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தாள்.

பக்கத்தின் குறுக்கே ஒரு நீளப் பட்டை. ஒரு ஓரத்தில் வானொலி அலை. அதையடுத்து நுண்ணலை, செந்நிறக்கீழ்க் கதிர், பிறகு நாம் கண்ணால் பார்க்கிற வெளிச்சம், கழியூதாக் கதிர், எக்ஸ் கதிர், கடைசி ஓரத்தில் காமாக் கதிர். எல்லாம் ஒரே சாதி அலை, எல்லாம் ஒரே வேகம். ஒரு ஓரத்தில் அலை நீளமாக இருக்கும், மற்ற ஓரத்துக்குப் போகப் போக நுணுகிக்கொண்டே போகும், வித்தியாசம் அவ்வளவுதான் என்றாள். நம் கண்ணுக்குத் தெரிகிற பகுதி அந்தப் பட்டையில் ஒரு நகக்கண் அளவு இருந்தது. வானவில்லின் அத்தனை நிறமும் அதற்குள்தான்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தப் பட்டையில் பாதிக்கு மேல் என் கடைக்குள் இருக்கிறது. ரேடியோவைத் தட்டியும், ரிமோட்டை அமுக்கியும், பசை காய வைக்கிற ஊதா விளக்கைப் போட்டும் நான் செய்த வேலையெல்லாம் ஒரே பட்டையின் வெவ்வேறு இடங்களில்தான் நடந்திருக்கிறது. சோற்றுப் பானைக்குள் கையை விட்டுக்கொண்டு பசி என்று சொன்னவனைப் போல இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் புத்தகத்தோடு அக்காவின் லயத்துக்குப் போனேன். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். பக்கத்தை விரித்து, தலைப்பிலிருந்தே தொடங்கினேன். ‘மின்காந்தத் திருசியம்’ என்று அந்தப் பட்டைக்குப் போட்டிருந்த பெயரைக் கணீரென்று வாசித்தேன்.

"மின்னுன்னா கரண்ட்தானே தம்பி? ட்ரான்ஸ்போமர்ல மண்டையோடு போட்டு எழுதியிருக்கே, அதுதானே?"

காந்தம் என்பதையாவது பிடித்துக்கொண்டு கரையேறலாம் என்று பார்த்தேன், அது இன்னும் மோசமாகப் போனது. காந்தம் இழுக்கும், கரண்டும் ஆளை இழுத்துப் பிடிக்கும் என்று அக்கா ரெண்டையும் ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார், குடித்தேன், புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். புத்தகம் எழுதியவர்கள் மேல் அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இன்று யோசித்தால் தவறு என் மேல்தான். தலைப்பைத் தாண்டித் தொடங்கியிருக்கலாம்.

புத்தகத்தை மூடியபின்

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா தானாகக் கடைக்கு வந்தார். நான் மேசை இழுப்பறையிலிருந்து புத்தகத்தை எடுக்கப் போனேன்.

"அத மூடி வையி. ஒன் கையால செஞ்சு பாத்தது என்னவோ, அத மட்டும் சொல்லு," என்றார்.

இப்படிச் சொல்ல ஒரு தெளிவு வேண்டும். அக்கா அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத ஒரு காலத்தில் அவரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவர் விட்ட படிப்பில்தான் நான் வளர்ந்தேன் என்பதை இந்தப் பத்திரிகைப் பத்தியில் இதுவரை எந்த வாரமும் எழுதவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

ஆன்டெனா கேபிள் ஒன்றை எடுத்துக் கடை ஷட்டரில் கட்டி, மறு நுனியைக் கையில் பிடித்து மெதுவாக ஆட்டினேன். பெரிய வளைவுகளாகப் போனது. வேகமாக ஆட்டினேன். சின்னச் சின்ன நெளிவுகளாக மாறியது. பெரிய வளைவு ரேடியோ, அது மலையைச் சுற்றிக்கூட வரும், சின்னது டிஷ்ஷுக்கு வருவது, இலை பட்டாலே தடுமாறும் என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே அது விளங்கியது. பக்கத்துப் பேக்கரியில் ரோல்ஸ் சூடு பண்ணுகிற மைக்ரோவேவ் பெட்டியும் டிஷ்ஷின் சாதிதான் என்று காட்டக் கூட்டிப் போனேன். பேக்கரிக்காரர் என்ன ஏது என்று தெரியாமல் ரெண்டு ரோல்ஸை வைத்துச் சூடு பண்ணித் தந்தார்.

அப்புறம் டீவி ரிமோட். அதன் நுனியில் ஒன்றும் தெரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். என் போனின் முன்பக்கக் கமெராவைத் திறந்து, அதற்கு நேராக ரிமோட்டைப் பிடித்துப் பட்டனை அமுக்கினேன். திரையில் வெள்ளை கலந்த ஊதாவில் ஒரு பொட்டு மினுக்கியது. அக்கா போனைத் தள்ளி நேரில் பார்த்தார், இல்லை. போனில் பார்த்தார், இருக்கிறது. ஏழெட்டுத் தடவை அமுக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஆபரேஷனுக்குப் பிறகு நான் பார்க்காத ஒரு சுறுசுறுப்பு வந்தது. அடுப்புக்கு முன்னால் நின்றால் முகத்தில் படுகிற சூடும் இதுதானா என்று கேட்டார். அதுவும் இதே வகைதான் என்றேன். நான் சொல்லாமல் அவராகவே கேட்டது அது.

கண்ணாடிப் பசையை இறுக வைக்கிற ஊதா விளக்கைப் போட்டேன். அக்கா கையை நீட்டினார், நான் தட்டிவிட்டேன். வெயிலில் தோல் கறுப்பது இதனால்தான், அதிகம் பட்டால் கெடுதி என்றேன். கடைசியாக, அவருடைய பையிலிருந்த எக்ஸ்ரே படத்தையே எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் வைக்கப் போவதும் இதே சாதிதான், இதைவிட வலுவானது என்றேன். அதற்கும் அடுத்து ஒன்று இருக்கிறது, காமா, ஊசியையும் கையுறையையும் பெட்டியோடு வைத்துக் கிருமி கொல்லப் பாய்ச்சுகிறார்களாம் என்று மகள் சொன்னதையும் சொன்னேன்.

அக்கா படத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார். பிறகு விரலை மடக்கி எண்ணிக்கொண்டே சொன்னார்.

"கேக்க வைக்கிறது, சூடாக்குறது, காட்டுறது, கருக்குறது, உள்ள நொழையிறது. இம்புட்டும் ஒரே வெளிச்சந்தானா?"

ஒரே வெளிச்சம்தான் அக்கா என்றேன். சாயங்காலம் இதைத் தர்ஷினியிடம் சொன்னபோது, அவள் புத்தகத்தின் ஓரத்தில் அந்த அஞ்சு சொல்லையும் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

பல்பும் வயரும்

ஆனால் அக்கா அவ்வளவு லேசில் விடுகிற ஆளில்லை. மெஷினுக்கு வயர் இருக்கிறதுதானே என்று கேட்டார். அளவெடுக்கப் போனபோது பார்த்திருக்கிறார். இந்த இடத்தில் பொய் சொல்லிவிடலாமா என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வயரே இல்லை என்று சொன்னால் திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவார். ஏறிப் போய் அங்கே வயரைப் பார்த்தால், அதோடு என் பேச்சு எதையும் நம்பமாட்டார்.

"இருக்குதுக்கா. பல்புக்கும் வயர் இருக்கு. பல்பு வெளிச்சத்துல நின்னா நமக்கு ஷாக் அடிக்குதா?"

என் வாயிலிருந்து வந்ததுதான், ஆனாலும் இன்றுவரை எனக்கே பிடித்த பதில் அது. அக்கா மேலே எரிந்த டியூப் லைட்டைப் பார்த்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி. அப்ப எதுக்கு அந்த மெஷின் ரூம் மிஸ் வெளிய போயி கதவ மூடிக்கிறாங்க?"

தெரியாது என்று ஒத்துக்கொண்டேன். அவர் அதற்குக் கோபப்படவில்லை. திங்கட்கிழமை போவோம், அந்த மிஸ்ஸிடமே கேட்போம், பதில் சரியில்லை என்றால் படுக்கமாட்டேன், திரும்பி வந்துவிடுவேன், நீ ஒன்றும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

ஆழம்

திங்கட்கிழமை அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போகிற முதல் பஸ்ஸைப் பிடித்தோம். ஆஸ்பத்திரியில் பெஞ்சு நிறைய ஆட்கள். மெஷின் அறையைப் பார்த்துக்கொள்கிற மிஸ் ஒரு சிங்களப் பெண், முப்பது வயது இருக்கலாம். அக்காவின் பெயரைக் கூப்பிட்டதும் அக்கா எழுந்து போய், உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்று, நல்ல சிங்களத்தில் தன் கேள்வியைக் கேட்டார். இது நல்லதென்றால் நீங்கள் ஏன் வெளியே போகிறீர்கள்?

பின்னால் இத்தனை பேர் காத்திருக்கும்போது மிஸ் எரிந்து விழுவார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. அக்கே என்று சிங்களத்தில் கூப்பிட்டு, பக்கத்தில் வந்து நின்று சொன்னார். இது நல்ல சதைக்கும் கெடுதிதான், பொய் சொல்லமாட்டேன். உங்களுக்கு ஒரு நாளைக்குக் கொஞ்சம், அதுவும் இத்தனை நாள் என்று எண்ணித்தான். நான் இங்கே தினமும் எல்லோருக்கும் நிற்கிறேன், ஒவ்வொரு தடவையும் உள்ளே நின்றால் எனக்குச் சேர்ந்துகொண்டே போகும் என்றார்.

கெடுதி என்ற சொல்லைக் கேட்டதும், போச்சு, திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். அக்காவுக்கு அந்தச் சொல்தான் நம்பிக்கை கொடுத்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். எவ்வளவு ஆழம் போகும்? எத்தனை ஆழம் வேண்டும் என்று பார்த்து அதற்கு ஏற்ற மாதிரி வைப்போம், அதற்குத்தான் அன்றைக்கு அளவெடுத்தது என்றார் மிஸ். ஏன் ஒரே நாளில் கொடுத்து முடிக்கக்கூடாது என்று கேட்டார் அக்கா. நடுவில் ஓய்வு கொடுத்தால் நல்ல சதை ஆறிக்கொள்ளும், நோய்ச் சதைக்கு அவ்வளவு ஆறத் தெரியாது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது பால் வெட்டு."

அதை மிஸ்ஸுக்கும் விளக்கினார். ரப்பர் மரத்தில் கத்தியை வைத்தால் பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும். மேலோடு சீவினால் பால் வராது. ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டால் மரம் காயப்பட்டு அந்த இடம் முண்டு விழும், அப்புறம் அங்கே வெட்டவே முடியாது. கட்டைக்கு மேலே மெல்லிசாகக் கொஞ்சம் பட்டையை விட்டுவைக்கிற அந்தக் கணக்குதான் வேலை. தினமும் ஒரே மரத்தை வெட்டினால் காய்ந்துபோகும், அதற்குத்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கையால் காற்றில் கத்தி பிடித்து, கோணம் சாய்த்துக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மிஸ் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, இதை மற்றவர்களுக்கும் இப்படியே சொல்கிறேன் என்று சொல்லி, மேசையில் கிடந்த ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

நான் அங்கே ஒரு சுவரோரமாக நின்றேன். ஒரு வாரமாகப் புத்தகமும் கேபிளும் ரிமோட்டுமாக நான் மல்லுக்கட்டியதை, தன் கைத்தொழிலில் வைத்து அக்கா ஒரு நிமிஷத்தில் பிடித்துவிட்டார். எனக்கு அவர் மேல் அன்று வந்த மரியாதை, அக்கா என்பதற்காக வந்தது இல்லை. இந்தத் தலை ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தால் எங்கே போயிருக்கும் என்று நினைத்து, அந்த நினைப்பைத் தாங்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

கதவு

அந்த நாட்களையெல்லாம் அக்கா ஒன்று விடாமல் முடித்தார். ரெண்டாம் நாளிலிருந்து நான் தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மடத்தில் தங்கி, சனி ஞாயிறு மட்டும் தோட்டத்துக்கு வந்து போனார். மார்பில் தோல் கறுத்தது, கை கால் அசந்துபோனது, பிறகு தேறியது. போன மாதம் பரிசோதனையில் டாக்டர் சிரித்தபடி கொப்பியை மூடினார் என்று சொன்னார். வாசகர்கள் கவலைப்படக் கூடாது என்பதற்காக இதை முதலில் சொல்லிவிட்டேன். நான் எழுத நினைத்தது முதல் நாள் அந்தக் கதவைப் பற்றித்தான்.

விளக்கமெல்லாம் முடிந்த பிறகு அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "வெளங்கிருச்சு. ஆனா பயம் போகல," என்றார். வேண்டாமென்றால் போய்விடலாம் அக்கா என்று வாக்குப்படி சொன்னேன். என்னைப் பார்த்தார். பையை என் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

மிஸ் வெளியே வந்தார். கனமான கதவு மெதுவாக நகர்ந்து மூடியது. மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு போனுக்குப் பசை இறுகுகிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும். விளக்கு அணைந்தது, கதவு திறந்தது.

அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வலித்ததா என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியல தம்பி."

அடுத்த ஆள் உள்ளே போக, கதவு மறுபடி மூடிக்கொள்வதைப் பார்த்தார்.

"அந்த மனுசனுக்கும் இப்பிடி ஒண்ணுமே தெரியாமப் போயிருக்கலாம்," என்றார்.

மச்சான் போய் ஆறு வருஷம். அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.